வெர்னாவின் சம்மதம்

அத்தியாயம் 14

போன வாரம் வெர்னா கோவலை முதியோர் மையத்தின் வாசலில், காரைக் கிளப்பாமலே உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தவளாக விட்டுவிட்டு வந்தோம். அவள் சிரித்து எத்தனை மாதமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

பிட்ஸ்பர்கில் அவளுடைய டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி, வருகிற ஜனவரியிலிருந்து அவளுடைய இன்சூரன்ஸ் பிளானை ஏற்க முடியாது என்று கையை விரித்துவிட்டது. பிப்ரவரியில் அவள் ரத்தப் புற்றுக்குப் பெரிய சிகிச்சை தொடங்க வேண்டும். அந்த வைத்தியம் தெரிந்த டாக்டர் எங்கள் மலைப் பக்கத்தில் கிடையாது. இங்கே இருக்கிறவர் தங்கமான மனுஷன்தான், சளிக்கும் மூட்டுவலிக்கும்.

அறுபத்தைந்து தாண்டினால் அரசாங்கத்தின் மெடிகேர் வந்துவிடும். அதில் இருக்கும் ஓட்டையை அடைக்க, மாதாமாதம் பணம் கட்டித் துணைப் பாலிசி ஒன்று வைத்துக்கொண்டால், பெரும்பாலும் எந்த ஆஸ்பத்திரிக்கும் தைரியமாகப் போகலாம். கட்ட மனமில்லாதவர்கள் கம்பெனிக்காரன் நடத்தும் பிளானுக்குப் போவார்கள். பல்லுக்கு இலவசம், கண்ணாடிக்கு இலவசம், ஆனால் அவன் காட்டுகிற டாக்டரிடம்தான் போக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறவரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்காது.

வெர்னாவும் அவள் புருஷன் எமிலும் இந்த ஜனவரியில்தான் பழைய பாலிசியை விட்டு பிளானுக்கு மாறினார்கள். மாற்றிவிட்டவன் பெற்ற மகன், இன்சூரன்ஸ் ஏஜென்ட் கர்ட். ஏப்ரலில் வெர்னாவுக்கு நோய் என்று தெரிந்தது.

முதியோர் மையத்தில் இலவச ஆலோசனை சொல்லும் பெர்னிஸ் என்ன சொன்னாள்?

"ஒரு வருஷம் முடியலையே வெர்னா! முதல் தடவையா பிளானுக்குப் போனவங்க ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தா, பழைய கம்பெனி சேர்த்துக்கிட்டே ஆகணும். நோய் இருக்கா, நொடி இருக்கான்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாது. எதுக்கும் ஏழாம் தேதிக்குள்ள முடிச்சிடு. அதுக்கப்புறம் எல்லாமே இழுபறி."

இன்றுதான் டிசம்பர் ஏழு. எல்லோருக்கும் பிளான் மாற்றுகிற காலம் இன்றோடு சரி.

* * *

காலையிலிருந்து வெர்னா சமையலறைச் சுவரில் இருக்கும் பழைய போனோடு நின்றாள். சுருள் சுருளாகக் கிடக்கும் அந்த நீள வயரை வைத்து ஊரில் கேலி செய்யாதவர்கள் இல்லை. இழுத்தால் ஜன்னல், இன்னும் இழுத்தால் கொல்லைக் கதவு வரை வரும். கர்ட் சின்னவனாக இருந்தபோது அவனைத் துரத்திக்கொண்டே அக்காளோடு பேசுவதற்கென்று அவள் வாங்கிப் போட்டது.

பழைய கம்பெனியின் நம்பர் இரண்டு தடவை அறுந்துவிட்டது. மூன்றாவது தடவை பாட்டுப் போட்டார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது ஒரு குரல். முக்கியமாம்! அப்படி முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே.

ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தில் மான் தலைகீழாகத் தொங்கியது. எமில் அதைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். எழுபத்து நாலு வயதிலும் அவன் கத்தி ஓரிடத்தில் தடுமாறாது. பனியில் சொட்டிய ரத்தத்தை அண்டை வீட்டு நாய் தூரத்திலிருந்து மோந்து பார்த்தது. கிட்டே வர அதற்குத் தைரியமில்லை. எமில் காலையிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். பெர்னிஸ் சொன்னதை வெர்னா சந்தோஷமாகச் சொன்ன நாளிலிருந்தே அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தனக்காகத்தான் கவலைப்படுகிறான் என்று அவள் உருகிப்போயிருந்தாள். பாவி மனுஷி.

கர்ட்டின் டிரக் வந்து நின்றது. "கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு வா, கூட இருந்து எழுதிக் குடு" என்று வெர்னாதான் கூப்பிட்டிருந்தாள். அவன் நேரே உள்ளே வராமல் அப்பாவிடம் போனான்.

வெர்னா வயரை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடி சாத்தியிருந்ததால் பேச்சு கேட்கவில்லை. கர்ட் டிரக்கின் பின்பலகையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து எதையோ காட்டினான். வீட்டுப் பக்கம் கையை நீட்டித் தலையை ஆட்டினான். எமில் ஏதோ உறுமினான். கர்ட் மறுபடி வீட்டைக் காட்டினான்.

எமில் கம்ப்யூட்டரைப் பிடுங்கித் தரையில் அடித்தான். பூட்ஸ் காலால் ஏறி மிதித்தான்.

"அடப்பாவி!" என்றாள் வெர்னா. போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கர்ட் குனிந்து பொறுக்கப் போனவன், நிமிர்ந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். எமில் கத்தியைப் பனியில் எறிந்துவிட்டு அவன் வாயிலேயே குத்தினான்.

அந்தக் குத்தில் கர்ட்டின் தொப்பி பறந்தது. அவன் டிரக்கில் மோதித் திரும்புவதற்குள் இரண்டாவது விழுந்தது, அதே வாயில். மூன்றாவது காதோரம். அப்பனைவிட அரையடி உயரம் கர்ட். ஒரு தள்ளு தள்ளினால் கிழவன் மான் குடலில் போய் விழுவான். ஆனால் அவன் கையை உயர்த்தவே இல்லை. தொங்கவிட்டபடி வாங்கிக்கொண்டான்.

"விடு எமில்! விடு அவனை!" வெர்னா கரண்டியால் ஜன்னலை அடித்தாள். கண்ணாடி விரிசல் விட்டது. எமில் திரும்பிப் பார்க்கவில்லை. கர்ட்டின் சட்டைக் கழுத்தைப் பிடித்து டிரக்கின் கதவில் அறைந்துகொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டு ஓடலாம். வைத்தால் மறுபடி வரிசையில் கடைசி. ஒரு காதில் பாட்டு, ஒரு கண்ணில் மகன். எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு காலை விடியக்கூடாது. வெர்னா போனைக் காதில் அழுத்திக்கொண்டே கத்தினாள். உயிர் மேல் ஆசை வந்துவிட்டால் மனுஷி என்னவெல்லாம் ஆகிவிடுகிறாள் என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"காத்திருந்ததுக்கு நன்றி, என் பேரு டெனிஸ்" என்றது போன்.

வெர்னா மூச்சை இழுத்துப் பிடித்தாள். பேர், பிறந்த தேதி, பழைய பாலிசி எல்லாம் சொன்னாள்.

"பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதே, நீங்க நல்லாருக்கீங்களாம்மா?"

"டிவி. நீ சொல்லு."

டெனிஸ் எதையோ தட்டினாள். வெளியே கர்ட் முழங்காலில் விழுந்திருந்தான்.

"அம்மா, ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வர்ற இந்த உரிமை முதல் தடவை போனவங்களுக்குத்தான்."

"எனக்கும் முதல் தடவைதானே. வேலையிலிருந்து ஓய்வு வாங்கினதிலிருந்து உங்ககிட்டதான் இருந்தேன். இந்த ஜனவரியிலதான் விட்டேன்."

"இல்லீங்களே. மூணு வருஷம் முன்னாடி ஒரு ஜனவரியில நீங்க எங்களை விட்டு ஒரு பிளானுக்குப் போயிருக்கீங்க. மே மாசம் திரும்பி வந்தீங்க. இதே உரிமையை வெச்சுத்தான் அப்போ திரும்ப எடுத்துக்கிட்டோம். நீங்களும் உங்க வீட்டுக்காரரும். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு."

"நான் எங்கேயும் போகல."

"இங்க அப்படித்தான் இருக்குது. அது ஒரு தடவைக்குத்தாம்மா. இனிமே நீங்க வரணும்னா எல்லாரையும் போல நோய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லணும். உங்களுக்கு இப்ப ஏதாவது வைத்தியம் நடக்குதா?"

வெர்னா என்ன நோய் என்று சொன்னாள்.

டெனிஸ் நல்ல பெண். பொய் சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா, சேர்க்க மாட்டாங்க" என்றாள்.

ரிசீவர் வயரில் தொங்கிச் சுவரில் முட்டி முட்டி ஆடியது. வெர்னா கோட்டு போடாமல் கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கினாள்.

* * *

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எமிலின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கை முஷ்டியாகி மகனின் பல்லை உடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கர்ட் சரளைக் கல்லில் உட்கார்ந்து கையில் ஒரு பல்லை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் உதடு பிளந்து தொங்கியது. எமில் மூச்சு வாங்க நின்றான். அவன் வலது கை விரல்கள் ஒரு பக்கமாகக் கோணிப் புடைத்திருந்தன.

"பாத்தியா வெர்னா!" என்று அவள் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான். "பெத்த அம்மாவை வித்துக் கமிஷன் தின்ன பய. உன்னைச் சாகடிக்கப் பாத்தான். இவனை உயிரோட விட்டதே—"

"மூணு வருஷம் முன்னாடி ஜனவரியில நான் எங்க போனேன் எமில்?"

எமில் கோணிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நான் எங்கயோ போயிட்டு மே மாசம் திரும்பி வந்தேனாம். டெனிஸ்னு ஒரு பொண்ணு சொல்றா. எனக்கே தெரியல. உனக்குத் தெரியுமா?"

மானின் வயிற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எமில் அதையே பார்த்தான்.

"வாயைத் திற. கைதான் அவ்வளவு நல்லா பேசுதே."

"தீயணைப்பு நிலைய ஹால்ல துப்பாக்கிப் பரிசுக் குலுக்கல் நடந்துச்சே, அந்த வருஷம்" என்றான் கடைசியில். "அங்க ஒரு ஏஜென்ட் மேஜை போட்டிருந்தான். வேட்டை முகாம் ஆளுங்க எல்லாரும் எழுதிக் குடுத்தாங்க. நான் மட்டும் மாட்டேன்னு நின்னா நல்லாவா இருக்கும்? எல்லாரும் ஒண்ணா முகாமுக்குப் போறோம், ஒரே சட்டியில சாப்பிடறோம்—"

"எனக்கும் சேர்த்து எழுதினியா?"

"எப்பவும் நான்தானே போடுவேன்!"

அது உண்மை. எங்கள் ஊரில் பேப்பர் வேலை ஆம்பிளை பாடு. வரி, வங்கி, இன்சூரன்ஸ் எதுவானாலும் பெண்டாட்டியின் கையெழுத்தைப் பெண்டாட்டியைவிடப் புருஷன் அழகாகப் போடுவான். அதில் ஒரு பெருமைகூட உண்டு. என் வீட்டிலும் அந்தக் கதைதான், அதை இப்போது கிளற வேண்டாம்.

"அப்புறம் ஏன் திரும்பி வந்தே?"

சரளையில் உட்கார்ந்திருந்த கர்ட் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். "முழங்கால்."

வெர்னாவுக்கு அந்த வசந்தம் ஞாபகம் வந்தது. எமிலுக்கு முழங்கால் மாற்றினார்கள். பிட்ஸ்பர்கில்தான். அவள்தான் கார் ஓட்டிக்கொண்டு போனாள், அவள்தான் கழுவிவிட்டாள், அவள்தான் கோஸும் நூடுல்ஸும் வதக்கிக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அந்த பிளான்காரன் காட்டின டாக்டர் கசாப்புக்காரன்" என்றான் எமில். "அதனாலதான் திரும்பி வந்தோம். உனக்கு அப்போ என்ன, குதிரை மாதிரி இருந்தே. யாருக்குத் தெரியும்?"

"உன் முழங்காலுக்குத் திரும்பி வர வழி இருந்துச்சு. என் உயிருக்கு இல்ல."

"வெர்னா—"

"இந்த ஜனவரியில மறுபடி எதுக்கு மாறினோம்? அதை இவன்தானே பண்ணான்?" அவள் கர்ட் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. உடைஞ்ச வாயாலயே சொல்லு."

கர்ட் உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு பேசினான். "அப்பாதான் மாத்தச் சொன்னாங்க. பாலிசிக்காரன் ஏத்திட்டே போறான்னு. பழசையெல்லாம் பார்த்தேன், ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சது. இனிமே திரும்ப முடியாது, அம்மாகிட்ட சொல்லுங்கன்னேன். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்னாங்க. இன்னிக்குச் சொல்லிடறேன்னு வந்தேன். நீங்களே சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்றேன்னு—"

"அப்பதான் குத்தினாரா?"

கர்ட் தலையாட்டினான்.

"ஒரு வருஷமா நீயும் வாயை மூடிட்டுத்தான் இருந்திருக்கே."

"ஆமாம்மா."

"அந்த வாய்க்கு இந்த அடி தேவைதான்" என்றாள் வெர்னா. "அடிச்ச ஆள்தான் தப்பு."

அவள் விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். இருவரும் அவள் அழப் போகிறாள் என்று நினைத்தார்கள். ஆண்பிள்ளைகளின் நினைப்பு அவ்வளவுதான்.

அவள் வரும்போது கையில் எமிலின் துப்பாக்கி இருந்தது.

எமில் இரண்டடி பின்னால் போனான். கர்ட் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான். வெர்னா படியில் நின்று குண்டைப் பூட்டும் இரும்புக் கம்பியை இழுத்துக் கழற்றிப் பனியில் எறிந்தாள். உள்ளே குண்டு இல்லை என்று விரல்விட்டுப் பார்த்தாள். வேட்டைக்காரன் பெண்டாட்டிக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

"இது குலுக்கல்ல விழுந்ததுன்னு சொன்னே. சர்ச்சுல எல்லார்கிட்டயும் நான் பெருமை பேசினேன். எமிலுக்கு அதிர்ஷ்டம்னு."

"வெர்னா, அதைக் கீழ வை."

"எனக்குக் கட்டாம மிச்சம் பிடிச்ச பாலிசிப் பணத்துல வாங்கினதுதானே இது?"

எமிலின் பார்வை பனியில் கிடந்த கம்பிக்குப் போனது. அதுவே போதுமான பதில்.

அவள் குழலை இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கி, வாசல் தூணில் அடித்தாள். முதல் அடிக்குத் தூணில் வெள்ளைச் சுண்ணம் உதிர்ந்தது. சிகிச்சையில் அவள் கைகள் குச்சியாகிப் போயிருந்தன, அந்தக் கைகளுக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அடுத்த அடிக்கு பிடியின் வால்நட் மரக்கட்டை விரிந்தது. எமில் "ஐயோ" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

அந்த நீட்டிய கைகளைப் பார்த்ததும்தான் வெர்னாவுக்கு வெறியே பிடித்தது.

"துப்பாக்கிக்கு ஓடி வர்றே! ஏப்ரல்ல எனக்கு நோய்னு டாக்டர் சொன்னப்போ நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கல!"

உடைந்த கட்டை அவன் தோளில் விழுந்தது. மறுபடி தோளில். மூன்றாவது முன்கையில். எமில் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் மகன் எப்படி நின்றானோ அப்படியே, கையைத் தொங்கவிட்டு நின்றான். கட்டை முழுதாகப் பிரிந்து குழல் மட்டும் அவள் கையில் மிஞ்சியபோது, கர்ட் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தான். அவன் ரத்தம் அவள் வெள்ளைத் தலையில் ஒழுகியது.

"போதும்மா. உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா—"

"இனிமே என்னடா ஆகணும்?"

இப்போது அழுதாள். பெரிய குரலெடுத்து, மரத்தில் தொங்கிய மானைப் பார்த்தபடி அழுதாள். அதற்கு அடுத்தது தான்தான் என்று நினைத்தாளோ என்னவோ. கர்ட்டும் அழுதான். எமில் பனியில் மண்டியிட்டுக் கட்டைச் சிம்புகளைப் பொறுக்கினான், ஒன்றுவிடாமல்.

* * *

"ஆஸ்பத்திரிக்குப் போ, உதட்டுல தையல் போடணும்" என்றாள் வெர்னா, சமையலறையில். உறைந்த மான்கறிப் பொட்டலத்தை ஒரு துணியில் சுற்றி அவன் முகத்தில் வைத்தாள்.

"உன் வேலை முடியாம போக மாட்டேன்."

"எந்த வேலை? அதான் கதவைச் சாத்திட்டாங்களே."

"பழைய கதவைத்தான் சாத்தினாங்க." கர்ட் வலியில் கண்ணை மூடித் திறந்தான். "வேற ஒரு பிளான் இருக்கு. உன் டாக்டர் ஆஸ்பத்திரி அடுத்த வருஷமும் அதை எடுத்துக்கும். நேத்து அங்க போன் போட்டு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். பிளான்ல சேர்றதுக்கு நோய்க் கேள்வி கிடையாது. ஆனா இன்னிக்கே சேரணும்."

"நல்லதா?"

முன்பாக இருந்தால் அவன் ஏஜென்ட் சிரிப்பு ஒன்று சிரித்திருப்பான். இப்போது சிரிக்க உதடு இல்லை. "சுமார்தான். ஒவ்வொண்ணுக்கும் அவங்ககிட்ட முன்கூட்டி அனுமதி வாங்கணும். அந்தப் பெரிய சிகிச்சைக்கு முதல்ல இல்லைன்னுதான் சொல்வாங்க. சண்டை போடணும். உன் கைக்காசும் போகும். அடுத்த வருஷத்துக்கு அப்புறம் எப்படின்னு இப்ப சொல்ல முடியாது."

"சண்டைக்கென்ன, பழகிட்டுத்தானே இருக்கோம்" என்றாள் வெர்னா.

கம்ப்யூட்டர் நொறுங்கிக் கிடந்தது. அதனால் போனில்தான் எழுத வேண்டும். போனில் எழுதினால், சேர்கிறவர் குரல் முதல் வார்த்தையிலிருந்து பதிவாக வேண்டும், ஏஜென்ட் நிபந்தனைகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒரே சமையலறையில், கர்ட் மேஜையில் தன் செல்போனோடும் வெர்னா சுவரோரம் தன் பழைய போனோடும் நின்று, பிட்ஸ்பர்கிலிருந்து டென்வருக்குப் பேசுகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். பொழுது சாய ஆரம்பித்திருந்தது. விரிசல் ஜன்னலில் பனிக்காற்று விசிலடித்தது.

கர்ட் படித்தான். உடைந்த பல்லில் காற்று ஏறி, பாதி எழுத்து வாயிலேயே நசுங்கியது. "புரியலைன்னா நிறுத்துங்க" என்று படித்ததை அவனே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இடையிடையே திரும்பிக் காகிதத் துண்டில் ரத்தம் துப்பினான். ஒரு வரி விடவில்லை. அனுமதி வாங்க வேண்டியவை என்ன, எந்த டாக்டரிடம் போகலாம், எங்கே போனால் முழுக் காசும் தலையில் விழும் என்று எல்லாவற்றையும் படித்தான். இதையெல்லாம் போன தடவை அவன் அப்பனிடம் படித்தானா, அப்பன் கேட்டானா என்று வெர்னா யோசித்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது. எமில் உள்ளே வந்து நிலைப்படியிலேயே நின்றான். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தான். இடது கையில், துப்பாக்கியின் சிம்புகளை நூலால் கட்டிய ஒரு சின்ன மூட்டை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"விண்ணப்பதாரர் சார்பா" என்று படித்தான் கர்ட், அப்பாவைப் பார்க்காமல், "கையெழுத்துப் போடவோ பேசவோ வேறு யாருக்காவது அதிகாரம் குடுத்திருக்கீங்களா?"

வெர்னா எமிலைப் பார்த்தாள்.

"யாருக்கும் இல்ல."

"கொஞ்சம் சத்தமா, அம்மா. பதிவாகணும்."

"யாருக்கும் இல்ல!" என்றாள் வெர்னா. விரிசல் கண்ணாடி அதிர்ந்தது.

எமில் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெர்னா மேரி கோவல், இந்த பிளான்ல சேர உங்களுக்குச் சம்மதமா?"

எத்தனை பத்திரம், எத்தனை கடன், எத்தனை பாலிசி இந்த வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது. எதற்கும் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கனமான வார்த்தை என்று தெரிந்தது.

"சம்மதம்."

கர்ட் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டான். செல்போனில் பதிவு ஒரு தடவை கூவி அடங்கியது. அவன் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெதுவாக, "அப்பாவும் ஜனவரியில மாறின அதே பிளான்லதான் இருக்காங்க. அந்த ஆஸ்பத்திரிதான் அவங்க முழங்காலையும் பார்க்குது. அவங்களுக்கும் இன்னிக்குத்தான் கடைசி" என்றான்.

எமில் நிமிர்ந்தான். காலையில் மகனைக் கொல்ல வந்த முகம் அதில்லை. வயதான, பயந்த முகம்.

"எனக்கும் சேர்த்து நீயே சொல்லிடேன் வெர்னா" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

வெர்னா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அவன் பக்கமாக நீட்டினாள்.

"முழுப் பேரைச் சொல்லுங்க" என்றான் கர்ட், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வது போல.

அந்த வயரை இழுத்தால் கொல்லைக் கதவு வரை வரும். வெர்னா இழுக்கவில்லை. எமில் நிலைப்படியை விட்டு இன்னும் நகரவில்லை.